அஸ்திபாரமான பாடங்கள்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் எங்கள் வீட்டிற்கு வருகிற குடும்பங்களில் பலர் ஒரே கேள்வியைக் கொண்டுவருகிறார்கள். "பாஸ்டர், பையனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா?" கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். நான்கு வருஷமும் பிள்ளை எதைப் படிக்கவேண்டும் என்று விசாரிக்கிறவர்களோ மிகச் சிலரே.

பெங்களூருவுக்குப் பிழைப்பைத் தேடிவந்த ஒரு குடும்பத்தை அறிவேன். தகப்பனார் வயரிங் வேலை செய்கிறவர். கல்விக்கடன் வாங்கி மகனைச் சேர்த்தார். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு கணிதத் தாள்கள் அரியர் விழுந்தன. "சாப்ட்வேர் எழுதக் கற்கவே வந்தேன், இந்தக் கணக்கு எனக்கு எதற்கு?" என்று சொல்லி, மகன் படிப்பையே விட்டுவிட எண்ணினான். பாடத்திட்டத்தை எடுத்துவரச் சொல்லி, அவனோடு உட்கார்ந்து வாசித்தேன்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி, பொறியியல் பட்டத்திற்கு மொத்தம் 160 கிரெடிட்டுகள். வாரத்தில் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட். ஒரு மணி நேரச் செய்முறைக்கு அரை கிரெடிட். முதல் வருஷத்தில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உண்டு. அதன்பின் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், அல்காரிதம், கம்பைலர் என்று பாடங்கள் வருகின்றன. டேட்டா ஸ்ட்ரக்சர் விளங்காதவனுக்கு அல்காரிதம் விளங்காது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள் அவை.

அவன் வெறுத்த டிஸ்கிரீட் கணிதத்தையே பாருங்கள். ஊருக்குப் போகும் வழியைக் கைப்பேசி காட்டுகிறதே, அதற்கு ஆதாரமான குறும்பாதைக் கணக்கீட்டை டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1959-இல் வெளியிட்டார். அது இந்தக் கணிதத்தின் ஒரு கிளையே. வங்கிக் கணக்குகளைக் காக்கும் டேட்டாபேஸுக்கு அடிப்படையான முறையை எட்கர் காட் 1970-இல் எழுதியபோது, கணக் கோட்பாட்டின்மேலேயே அதைக் கட்டினார்.

சாப்ட்வேர் இன்ஜினியரிங் என்ற பாடமும் ஒரு நெருக்கடியை முன்னிட்டு வளர்ந்தது. பெரிய புரோகிராம்கள் காலம் தாழ்ந்தும் செலவு மிஞ்சியும் பிழைகளோடும் முடிந்தபடியால், 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் அறிஞர்கள் கூடி இந்தப் பெயரிலேயே மாநாடு நடத்தினார்கள். ஆகவே இந்தப் பாடம் புரோகிராம் எழுதுவதோடு நிற்பதில்லை. வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிவது, வடிவமைப்பது, சோதிப்பது, பல வருஷங்கள் பராமரிப்பது, குழுவாக உழைப்பது ஆகியவற்றையும் கற்பிக்கிறது.

வேதாகமக் கல்லூரியில் பிரசங்கம் செய்யக் கற்கும் ஆவலோடு சேர்ந்த எங்களுக்கு, கிரேக்க இலக்கணம் முதலில் சுமையாகவே இருந்தது. இன்று நான் பிரசங்கத்திற்கு ஆயத்தம் செய்யும்போதெல்லாம் அந்த இலக்கணமே கைகொடுக்கிறது. இதையும் அந்த வாலிபனுக்குச் சொன்னேன். அவன் படிப்பை விடவில்லை. ஒரு தாளில் தேறிவிட்டான். மற்றொன்று இன்னும் நிலுவையில் இருக்கிறது. தகப்பனாரின் கடனும் அப்படியே இருக்கிறது.

ஆகையால், அன்பானவர்களே, பணம் கட்டுமுன் நான்கு காரியங்களைச் செய்யுங்கள். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பிள்ளையோடு வாசியுங்கள். கணிதத்தில் அவனுக்கு விருப்பமும் பொறுமையும் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். எத்தனை அரியர் இருந்தால் அடுத்த வருஷத்திற்குப் போகமுடியாது என்பதைக் கல்லூரியில் விசாரியுங்கள். நிலுவைத் தாள் உள்ளவர்களை வளாக நேர்காணலுக்கு அனுமதிக்காத நிறுவனங்கள் பல உண்டு. மாற்று வழிகளையும் ஆராயுங்கள். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். பி.சி.ஏ. படிப்பும் உண்டு, ஆனால் அதிலும் கணிதம் இல்லாமற்போகாது.

அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்தான் என்பதற்காகச் சேர்க்காதிருங்கள். நான்கு வருஷம் அந்த வகுப்பில் உட்காரப்போகிறவன் உங்கள் பிள்ளை. முதலில் அவனைக் கேளுங்கள்.