தாலாட்டும் தாளப் பெட்டியும்

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு சங்கீத வித்துவான் இருக்கிறார். வீணை கிடையாது, வயலின் கிடையாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் ஒரு ஸ்வரம் பாடி நான் கேட்டதில்லை. ஒரு மடிக்கணினி, இரண்டு ஒலிபெருக்கி, பியானோவை யாரோ மூன்று சாணுக்கு அறுத்துக் கொடுத்த மாதிரி ஒரு கீ-போர்டு, இவ்வளவுதான் பக்கவாத்தியம். வித்துவான் வேறு யாருமில்லை, என் மூத்த பிள்ளைதான். பகலில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்கு எழுதுகிறான். இரவு பத்து மணிக்கு மேல் அவன் ராஜ்யம்.

பெண் வீட்டார் "பையன் என்ன செய்கிறார்?" என்று கேட்டால் கிடங்கு வேலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இவர் போட்டிருக்கும் உத்தரவு. எலக்ட்ரானிக் மியூசிக் என்று சொன்னால் ரேடியோ ரிப்பேர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு மாமி, "கல்யாண மண்டபத்திலே பாட்டுப் போடுவாங்களே, அந்த டி.ஜே.யா?" என்று கேட்டுவிட்டுக் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்!

அவன் செய்வது இதுதான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் உருப்படியை முடித்து இணையத்தில் ஏற்றுவான். அதற்கு ரிலீஸ் என்று பெயர். சினிமா ரிலீஸ் என்றால் தோரணமும் பாலாபிஷேகமும் உண்டு. இவன் ரிலீஸுக்கு நான் கிண்டும் கேசரிதான் விழா. இடையிடையே, தன்னுடைய உருப்படிகளையும் பிறர் செய்ததையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடம் தெரியாமல் நழுவும்படி கோத்து, ஒரு மணி நேரம் ஓடுகிற மாதிரி போடுவான். அது மிக்ஸ். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. கேட்கிறவர் எங்கோ யாழ்ப்பாணத்திலோ டொரான்டோவிலோ இருப்பார்.

தண்டையார்பேட்டைக்காரர்களுக்குச் சத்தம் புதிதா என்ன? துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று உறுமும். கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம். 2021 பிப்ரவரியிலிருந்து பூமிக்கடியில் மெட்ரோ ரயில் வேறு. இத்தனையையும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வருவான். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கிற சத்தம் அவன் கையில் சலங்கையாகிவிடும். லாரியின் பிரேக் விடுகிற பெருமூச்சைத் தம்பூராவுக்குப் பதிலாக வைத்திருக்கிறான். அதுதான் அவன் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எங்கள் பேட்டைக்குப் பெயரே ஒரு பாட்டுக்காரரால் வந்தது என்று சொல்வதுண்டு. தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, இந்தப் பக்கம் வந்து தங்கியவர் மஸ்தான் சாகிபு. ஜனங்கள் அவரைத் தொண்டியார் என்றார்களாம். தொண்டியார்பேட்டை தண்டையார்பேட்டை ஆயிற்றாம். 1838-ல் அவர் மறைந்தார். கானா பாடுகிறவர்களில் சிலர் இன்றைக்கும் அவரைத் தங்கள் முன்னோர் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். கானா பிறந்தது சபா மேடையிலா? சாவு வீட்டில், விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகக் கையில் அகப்பட்டதைத் தட்டிப் பாடியது. அந்தப் பாட்டும் கம்ப்யூட்டரும் ஒரே மேடையில் ஏறும் என்று என் மாமனார் காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2018 ஜனவரி 6-ந் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதல் கச்சேரி செய்தது. டைரக்டர் பா. இரஞ்சித் முன்னின்று சேர்த்த கூட்டம். இசைப் பொறுப்பு டென்மா. அதில் பாடிய ஒரே பெண், நம் ராயபுரத்து இசைவாணி. அவர் தகப்பனார் கீ-போர்டு வாசிப்பவர். ஆண்களே பாடி வந்த கானாவை மேடையில் பாடிய அந்தப் பெண்ணை 2020-ல் பி.பி.சி. தன்னுடைய 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. இதைப் படித்த அன்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என்னவோ நான் பெற்ற பெண் மாதிரி!

இவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதனாலே காசு வருமா?"

பிள்ளை அதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டான். சரண்ஜித் சிங் கதையைச் சொல்லுவான். பம்பாய் சினிமா வாத்திய கோஷ்டியில் கிடார் வாசித்தவர் அவர். ஆர்.டி. பர்மன் முதலானோர் பாட்டுக்கெல்லாம் வாசித்திருக்கிறார். பெயர் மட்டும் வெளியில் தெரியாது. சிங்கப்பூர் போனபோது ரோலண்ட் கம்பெனியின் புது யந்திரங்களை வாங்கி வந்தார். அதில் ஒன்று, டிபி-303 என்கிற வெள்ளி நிறப் பெட்டி. தனியாகச் சாதகம் செய்கிற கிடார்காரருக்குத் துணையாக அடிநாதம் வாசிப்பதற்கென்று செய்தது. ஒருவரும் சீந்தவில்லை; இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனியே அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. சரண்ஜித் சிங் அந்தப் பெட்டியையும் தாளம் போடுகிற இன்னொரு பெட்டியையும் சேர்த்துக் கட்டி, மேலே ராகம் வாசித்தார். பத்து ராகம், ஒரு ரிக்கார்டு, 1982-ல் வந்தது. யமன் என்பது நம் கல்யாணி மாதிரி, பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். ஆகவே சகோதரிகள் யாரும் பயப்படாமல் கேட்கலாம்.

அன்றைக்கு அது விற்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து, மூலையில் கிடந்த அதே வெள்ளிப் பெட்டியை அமெரிக்காவில் சிக்காகோ பையன்கள் மலிவாக வாங்கித் திருகித் திருகிப் பார்த்து ஒரு புது இசையையே உண்டாக்கினார்கள். உலகமே ஆடிற்று. பம்பாயில் ஒருவர் முன்னமே செய்து வைத்திருந்தது யாருக்குத் தெரியும்? 2010-ல் ஹாலந்துக்காரர் ஒருவர் அந்த ரிக்கார்டை மறுபடி வெளியிட்ட பிறகுதான் தெரிந்தது. எழுபது வயதுக்கு மேல் அவரை ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். 2015-ல் காலமாகிவிட்டார்.

நான் அந்தப் பத்தையும் கேட்டேன். பூபாளி பிரமாதம். மற்றதில் சிலது சிறிது நேரத்துக்கெல்லாம் அலுத்துவிடுகிறது; வித்துவானிடம் இதைச் சொல்லவில்லை. இவர் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ உனக்கு எழுபது வயசிலே காசு வரும்" என்றார்!

வீட்டில் உண்மையான சண்டை வந்தது காசினால் அல்ல, ஒரு கேஸட்டினால்.

மூத்தவன் பிறந்த 1994-ல் இவர் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். தூளியில் போட்டு என் மாமியார் தாலாட்டுப் பாடியதை அதில் பிடித்து வைத்திருந்தார். யாரும் எழுதி வைத்த தாலாட்டு அல்ல; அவரே அப்போதைக்கப்போது கட்டுவது. மாமா சீர், அத்தை வளையல், துறைமுகத்துக்கு வந்த கப்பல் என்று எல்லாம் வரும். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பரணில் அந்தக் கேஸட்டைக் கண்டெடுத்த பிள்ளை, "ஆயா பாட்டை அடுத்த ரிலீஸிலே வைக்கப் போறேம்மா" என்றான்.

நாத்தனார் காதுக்கு விஷயம் எட்டியது. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். "எங்கம்மா குரலைக் குத்துப் பாட்டுக்கா போடப் போறீங்க, அண்ணி? ஊரெல்லாம் கேட்டு ஆடறதுக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 மார்ச்சில் 'என்ஜாயி எஞ்சாமி' வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதித் தீயுடன் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகளிலிருந்துதான் அது முளைத்தது என்றார். அந்தப் பாட்டியும் படத்தில் வருகிறார். கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஒரு பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை என்று பெரிய சர்ச்சை கிளம்பி, பிறகு அவருக்குத் தனியாக ஓர் அட்டை போட்டார்கள். 2024 மார்ச்சில் இசையமைத்த சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே யார் பெயர், யார் காசு என்று இத்தனை வழக்கு. எங்கள் வீட்டுக் கிழவிக்கு யார் வக்கீல்?

பிள்ளை ஒரு வாரம் உட்கார்ந்து செய்ததை எனக்குப் போட்டுக் காட்டினான். திரையில் குரல் மலைத்தொடர் மாதிரி தெரிகிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வோர் அசையையும் தாளத்தின் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். கேஸட்டின் இரைச்சலைத் துடைத்திருந்தான். சுருதி சுத்தம், தாளம் சுத்தம்.

"பாட்டு நல்லாத்தாண்டா இருக்கு. ஆயாவைக் காணோமே!" என்றேன்.

என் மாமியாருக்கு இரைப்பு உண்டு. ஓர் அடி பாடி, இழுத்து மூச்சு வாங்கித்தான் அடுத்த அடிக்கு வருவார். அந்த இடைவெளியில் தூளிக் கொக்கி 'க்ரீச்' என்று ஒரு முறை போகும், ஒரு முறை வரும். பிள்ளை மூச்சையும் வெட்டிவிட்டான், கொக்கியையும் துடைத்துவிட்டான். மிச்சம் இருந்தது யாரோ ஒரு சினிமாப் பாடகி.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. மறுபடி கேஸட்டிலிருந்து ஆரம்பித்தான். குரலைத் தாளத்துக்கு இழுக்காமல் தாளத்தைக் குரலுக்கு இழுத்தான். அந்தக் கொக்கிச் சத்தமே தாளம். ஆயா மூச்சு வாங்கும்போது தாளமும் நிற்கும். அவர் தொடங்கிய பிறகுதான் அதுவும் தொடங்கும். யந்திரத்துக்கு நிற்கத் தெரியாதாம்; ஒவ்வோர் இடமாகக் கையால் திருத்தினான். பதினெட்டு ராத்திரி ஆயிற்று. பாட்டுக்குக் கீழே பாடியவர் என்று ஆயாவின் பெயரை முழுசாக, முதலில் போட்டான். தன் பெயர் அதற்கு அடுத்த வரியில். காசு வந்தால் பாதி அத்தைக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

நாத்தனார் அந்தத் தாளை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். பிறகு காதில் மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டாள். கழற்றாமல் இன்னொரு முறை கேட்டாள்.

"நடுவிலே அண்ணன் இருமறது கேக்குது" என்றாள். சிறிது நேரம் கழித்து, "கேஸட்டோட மறுபக்கத்திலே என் கல்யாணத்து நலங்குப் பாட்டு இருக்கணுமே, அண்ணி. அம்மாதான் பாடினாங்க" என்றாள்.

டேப் ரிக்கார்டரின் பட்டை அறுந்து கிடக்கிறது. ரிச்சி தெருவில் கிடைக்குமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மருமகனுமாகப் போகிறார்கள்.