சர்க்கரைக்கு ஒரு போன்

போன மாதம் புதிதாக ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். பழையது கெட்டுப்போகவில்லை. பேசினால் கேட்டது, வாட்ஸ்அப் வந்தது, பேரன் படமும் தெரிந்தது. பிறகு ஏன் வாங்கினாய் என்று கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள் கேட்டார்கள். சர்க்கரைக்காக என்றேன். "உனக்குத்தான் சர்க்கரை இல்லையேப்பா?" என்றார் ஒருவர்.

இன்னும் இல்லை, அவ்வளவுதான். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதக் கணக்குப் பரிசோதனையில் எனக்கு 6.1 வந்திருக்கிறது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு. 6.5 ஆனால் நீரிழிவு. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வில், நம் புதுச்சேரியில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று கண்டிருக்கிறது. நாடு முழுவதிலும் கோவா மட்டுமே நமக்கு ஒரு மயிரிழை முன்னால். நாலு பேர் சேர்ந்து காபி குடித்தால் ஒருவர் சர்க்கரை வேண்டாம் என்கிற ஊர் இது. எனக்கோ வயது 76. அப்பாவுக்கு வேறு இருந்தது.

அப்பா ரோடியர் மில்லில் கணக்கு எழுதினார். அந்தக் காலத்தில் வீட்டில் விரலைக் குத்தி ரத்தம் பார்க்கிற மெஷின் ஏது? சிறுநீர்ப் பரிசோதனைதான். சோதனைக்குழாயில் பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நிறத்தை எழுதி வைப்பது என் வேலை. கல்வே காலேஜில் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தேன், ஆகவே என் நோட்டில் ப்லே, வேர், ழோன், ரூழ் ப்ரிக் என்றுதான் இருக்கும். டாக்டருக்குப் பிரெஞ்சு தெரியும், அதனால் சிக்கல் இல்லை. அம்மாவுக்குத்தான் ஒன்றும் புரியாது. என்னடா நிறம், என்னடா நிறம் என்று கேட்டுக்கொண்டே நிற்பார்.

செருப்பில் ஆணி ஏறியது அப்பாவுக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. வேட்டியில் கறை பார்த்து அம்மா கேட்டபோது காயத்துக்கு நான்கு நாள் வயது. முதலில் இரண்டு விரல் போயிற்று, ஆறு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கண்ணும் மங்கிவிட்டதால் கடைசிக் காலத்தில் குழாயின் நிறத்தைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை. எல்லாம் நானே சொல்ல வேண்டியிருந்தது. செங்கல் நிறம் வந்த நாளில் ஆரஞ்சு என்று சொல்லியிருக்கலாமா என்று தோன்றும். சொன்னதில்லை.

இந்த நோய் கண்ணையும் விரல் நுனியையும்தான் தேடி வருகிறது. போனைப் பார்ப்பதற்கும் தொடுவதற்கும் வேண்டியவை அவை இரண்டும்தானே? வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

என்ன போன் என்கிற விஷயத்தில் என் குரு, பெரியப்பா மகன். 1962-இல் அவர்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தது, நாங்கள் எடுக்கவில்லை. அண்ணன் இப்போது பாரிஸ் பக்கம் சார்செலில் இருக்கிறார். தினம் பல வேளை இன்சுலின். மேல்கையின் பின்புறம் பெரிய பொத்தான் அளவில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறார். ஃபிரீஸ்டைல் லிப்ரே என்று பெயர். இவரைப் போன்றவர்களுக்கு 2017 ஜூனிலிருந்து அந்த அரசுக் காப்பீட்டிலேயே அது கிடைக்கிறது. ஒரு சென்சார் இரண்டு வாரம் வரும். அண்ணன் "இன்றைக்கு ஒரு கிராம் இருபது" என்பார். அங்கே லிட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வது வழக்கம். நூறால் பெருக்கினால் நம் கணக்கு, 120.

முதலில் வந்த சென்சாரைப் போனால் தொட்டுப் படிக்க வேண்டும். அதற்குப் போனில் என்எஃப்சி வேண்டும். பின்னால் வந்தவை புளூடூத்தில் தாமாகவே அலாரம் அடிக்கும். ஆனால் அதிலும் சென்சாரைத் துவக்குவதற்கு ஒருமுறை போனால் தொட்டாக வேண்டும். நேரு வீதிக் கடைப் பையனிடம் என்எஃப்சி உள்ளதாகக் காட்டு என்றேன். "அது எதுக்கு சார்? நம்ம ஊர்ல எல்லாம் க்யூஆர்தானே" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அதனாலேயே இங்கே விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் அதை வைப்பதில்லை. வெளிநாட்டில் அதே பெயரில் விற்பதில் இருக்கும், நம் ஊர்ப் பெட்டியில் இருக்காது. விளம்பரத்தை நம்பாமல் செட்டிங்ஸைத் திறந்து, கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்சார் கம்பெனி எந்தெந்தப் போனில் தன் செயலி ஓடும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதையும் பாருங்கள். எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்றும் கேளுங்கள். பழைய மென்பொருளில் புதுச் செயலி ஏறாது. என்னுடையதற்கு ஆறு வருடம். 82 வரைக்கும் போதும்.

கடைப் பையன் கேமராவைப் பற்றியே பேசினான். ஐம்பது மெகாபிக்ஸல், இரவில் நிலாவை எடுக்கலாம் சார் என்றான். நான் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, உள்ளங்காலை ஒரு படம் எடுத்தேன். பையன் திகைத்துப்போனான். நீரிழிவுக்காரர்கள் தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்வார்கள் டாக்டர்கள். இந்த வயதில் குனிந்து பார்க்க இடுப்பு விடுகிறதா? படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரிகிறது. கேமரா நல்லதுதான், எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். பேட்டரி சேமிப்பு என்று ஒன்று இருக்கிறது. அது பின்னால் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடும், ராத்திரி அலாரமும் சேர்ந்து தூங்கிவிடும். சென்சார் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குத் தர வேண்டும். அப்புறம் கைரேகை. வருடா வருடம் உயிரோடிருக்கிறேன் என்று சான்று கொடுக்கப் போகும் பென்ஷன்காரர்களுக்கு நம் ரேகையின் யோக்கியதை தெரியும். முகத்தைக் காட்டியோ நாலு எண் அழுத்தியோ திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தாமலே சர்க்கரை சொல்லும் கைக்கடிகாரம் ஒன்றையும் பையன் காட்டினான். தொடவே இல்லை. அப்படிப்பட்ட கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தந்ததில்லை என்று அமெரிக்க எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. அதை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

சென்னையில் இருக்கும் மகனுக்கு இதிலெல்லாம் பெரிய உற்சாகம். "சென்சார் போட்டா எனக்கும் தெரியற மாதிரி வெச்சிடுங்கப்பா" என்கிறான். அது முடியும். அண்ணனின் எண்கள் தூலூஸில் இருக்கும் மகளின் போனிலும் தெரிகின்றன. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் போன் செய்து எழுப்பி, ஆரஞ்சு ஜூஸ் குடிக்க வைத்தாள். அப்போது அவருக்கு 52. அலாரம் அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லையாம். அதே மகள், ஒரு கல்யாண வீட்டில் அவர் இரண்டாவது ஜிலேபி எடுத்து அரைமணி கழித்தும் போன் செய்தாள். அண்ணன் எல்லார் முன்னாலும் "வி, வி" என்று தலையாட்டினாராம்.

மகனிடம் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ராத்திரிக்கு மட்டும் காட்ட வழி உண்டா என்று கேட்டிருக்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள், "ஜிலேபிக்குத்தானே பயப்படறீங்க?" என்று.