முந்நூற்று ஐம்பது கோடித் துடிப்புகள்

திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகிலுள்ள அந்த வீட்டில் கணினி ஒன்றுதான் உண்டு. ரிச்சி தெருவில் பழைய உதிரிகளாக வாங்கிச் சேர்த்துப் பூட்டியது. பகலில் அது அக்காவுக்கு உரியது. துறைமுகச் சரக்கு முகவர் ஒருவருக்காகக் கொள்கலன் கணக்குகளை அவள் அதில் பதிகிறாள். இரவில் அது தம்பிக்கு. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் அவன், எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களைப் பற்றிய காணொளி ஒன்றைப் பள்ளிக்காகத் தொகுத்துவந்தான். தொகுத்த காட்சிகளை ஒரே கோப்பாக்க ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் ஆயிற்று. புதிய செயலி வாங்கக் கையில் பணமில்லை. இருக்கும் செயலியையே சற்று விரைவாக ஓட்டினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

செயலிக்கு ஒரு தாளம் உண்டு. தாய்ப்பலகை நொடிக்குப் பத்துக் கோடி முறை துடிக்கிறது. செயலி அதனை 35 ஆல் பெருக்கிக்கொண்டால் 3.5 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 350 கோடித் துடிப்பு. உற்பத்தியாளர் குறித்த இவ்வேகத்திற்கு மேல் செயலியை ஓட்டுவதையே ஓவர்கிளாக்கிங் என்பர். பெருக்கெண் பூட்டப்படாத செயலிகளில் இது எளிது. பூட்டப்பட்டவற்றையும் ஆர்வலர் விட்டுவைத்ததில்லை. 1998 இல் வந்த இன்டெல் செலிரான் 300ஏ என்னும் மலிவுச் செயலியை, அடிப்படைத் துடிப்பை 66 இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி, 300 க்குப் பதில் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டினர்.

அவ்வீட்டுத் தாத்தா எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 1970 இல் ஓடத் தொடங்கி 2017 இல் மூடப்பட்ட, 450 மெகாவாட் திறன்கொண்ட நிலையம் அது. மின்வலையின் 50 ஹெர்ட்ஸ் தாளத்தோடு இணைந்து நிமிடத்திற்கு 3000 முறை சுழன்ற சுழலிகளின் அருகே வாழ்நாளைக் கழித்தவருக்கு, கணினி புரியாவிட்டாலும் துடிப்பு புரிந்தது. பேரன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று வினவினார்: “சூடு எவ்வளவுடா?”

கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். செயலி உண்ணும் மின்திறன் துடிப்பின் வேகத்தோடு நேராக உயர்கிறது. மின்னழுத்தத்தோடோ அதன் இருமடிக்கேற்ப உயர்கிறது. இரண்டையும் பத்து விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ முப்பத்துமூன்று விழுக்காடு ஏறிவிடும். அவ்வளவும் வெப்பமாகவே வெளிவரும். விசிறி எத்துணைச் சிறந்ததாயினும் அறைக் காற்றைவிடச் செயலியைக் குளிரச் செய்ய அதனால் இயலாது. 27 பாகை அறையில் 72 பாகையில் நிற்கும் செயலி, 37 பாகை அறையில் 82ஐத் தொடும். குளிர்நாட்டார் எழுதிய அளவுகளை வடசென்னையின் மேமாதத்திற்கு அப்படியே எடுத்துக்கொள்வது அறியாமை. போதாக்குறைக்கு இங்குக் கடற்காற்றின் உப்பு ஈரமும் தெருவில் ஓயாது செல்லும் கொள்கலன் லாரிகளின் புழுதியும் உண்டு.

ஆகவே அவன் முதலில் வேகத்தைத் தொடவில்லை. குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அப்பியிருந்த தூசியைத் துலக்கினான். உலர்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட்டான். அதனாலேயே ஆறு பாகை குறைந்தது. அக்காவின் கோப்புகளை வேறொரு வன்தட்டில் படியெடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தான். பிறகுதான் பயாஸ் திரையைத் திறந்தான். 36, சோதனை. 37, சோதனை. ஒவ்வொரு படியிலும் வெப்பத்தைக் குறிப்பேட்டில் எழுதினான். சோதனைக்கு அவன் பயன்படுத்திய பிரைம்95, மெர்சென் பகா எண்களைத் தேட எழுதப்பட்ட நிரல். விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குத் தந்து, அது பிழையின்றிச் செய்கிறதா என ஒப்பிட்டுப் பார்க்கும்.

பெருக்கெண் 39 ஆனபோது நான்காம் நிமிடத்தில் ஒரு கணக்குத் தவறியது. திரை உறையவில்லை, கணினி நிற்கவில்லை, விசிறி வழக்கம்போல் ஓடிற்று. விடை மட்டும் தவறாக வந்தது. அவனை அச்சுறுத்தியது அதுவே. கொள்கலன் எண்ணின் இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. எண் பிறழ்ந்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். சரக்கின் எடைக்கு அத்தகைய காவல் இல்லை. அக்காவின் பதிவேட்டில் 21 டன் ஓசையின்றி 27 டன் ஆகிவிட்டால், பிழை அவள் தலையில்தான் விழும்.

மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டிப் பார்த்தான். பிழை மறைந்தது, வெப்பம் 88 ஆயிற்று. நூறு பாகையை நெருங்கினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதை அறிந்திருந்தான். கொதிகலனில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது என்பதற்காக அது திறக்கும்வரை அழுத்தத்தை ஏற்றுவார்களா என்று தாத்தா கேட்டார். அவன் பழைய மின்னழுத்தத்திற்கே மீண்டு, பெருக்கெண்ணை 38 ஆக்கினான். ஆறு மணி நேரம் சோதனை ஓடியது, பிழை ஒன்றுமில்லை, வெப்பம் 76 பாகையைத் தாண்டவில்லை. அக்காவின் பகல்வேலைக்கு மட்டும் பழைய 35.

அன்றிரவு காணொளி முப்பத்தேழு நிமிடத்தில் முடிந்தது.

“மூன்று நிமிடத்துக்கா இத்தனைப் பாடு?” என்று அக்கா சிரித்தாள். தாத்தா சிரிக்கவில்லை. குறிப்பேட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெப்பம் எழுதியிருந்த வரிசையை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுப் படித்தார். பிறகு, அறையின் வெப்பத்தை ஏன் குறிக்கவில்லை என்று கேட்டார்.