கணினிக்கு ஏடு தொடக்கல்

விசயதசமி நாளிற் குழந்தையின் விரல் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிப்பவர், அக்குழந்தை கற்றுத் தேறுங்காலமெல்லாம் உடனிருப்பதில்லை. தொடக்கி வைத்து விலகுதலே அவர் பணி. கணினியினுள்ளும் அத்தகைய பணியாளர் ஒருவர் உளர். லினக்ஸ் முறைமையிற் பழகும் நம் மாணவர் அவரை அறிந்திருத்தல் நன்று.

கணினியை இயக்கியதும் ‘கேர்னல்’ என்னும் கருநிரல் நினைவகத்துள் ஏற்றப்படுகின்றது. ஏனைய நிரல்களைப் பெற அது வன்றட்டைத் திறத்தல் வேண்டும். திறத்தற்குரிய செலுத்தி நிரலோ பலகாலும் அவ்வன்றட்டிலேயே கிடக்கின்றது. பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாற் போன்ற இவ்விடரைத் தீர்ப்பது ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் தொடக்கப் படிமம். 2003 இல் வெளிவந்த 2.6 ஆம் பதிப்புக் கேர்னல் முதல் இது நிலைபெற்றது. கேர்னலுடன் ஏற்றப்பட்டு, நினைவகத்தில் விரிந்து, வேண்டிய செலுத்திகளைச் சேர்த்து, தட்டு மறைகுறியிடப்பட்டதாயின் கடவுச்சொல்லையுங் கேட்டு, மெய்யான கோப்பு முறைமையைத் திறந்து கொடுத்தபின் இது தன்னை அழித்துக்கொள்ளும்.

இதனைப் பேணும் வகை யாதெனின், கேர்னலின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒவ்வொரு படிமம் ‘பூட்’ என்னும் அடைவில் இருக்கும். டெபியனில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, பெடோராவில் ‘டிராகட்’ என்னுங் கருவிகள் அதனை ஆக்கும். சில கணினிகளில் அவ்வடைவு தனிப் பகுதியாய்ச் சிறிதாக வகுக்கப்பட்டிருக்கும். பழைய பதிப்புகள் குவிந்து இடம் நிறைந்துவிடின் புதிய படிமம் முற்றுப்பெறாது. அடுத்த முறை கணினி எழுதலும் அரிதாம். ஆதலின் இடத்தை அவ்வப்போது நோக்குக. பழையவற்றைக் கையால் அழியாது, பொதி நீக்கும் கட்டளையாலேயே அகற்றுக. எனினும் புதியது செவ்வனே இயங்கக் காணுமுன் பழையதைக் களையற்க. புதியது பிழைத்தவிடத்து, தொடக்கப் பட்டியலிற் பழையதைத் தெரிந்து உட்புகுந்து, படிமத்தை மீள ஆக்கிக்கொள்ளலாம்.

இவற்றை இங்ஙனம் விரித்தல் காரணம் பற்றியே. ஓரிடத்தில், எழ மறுத்த கணினியொன்று பழுதெனக் கொள்ளப்பட்டு, வன்றட்டு முழுதும் துடைக்கப்பட்டதை யாம் கண்டோம். மாணவர் பல மாதம் தொகுத்த கட்டுரைகள் அதனுடன் மறைந்தன. திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லோடு கணினி நின்றுவிடின், உள்ளிருப்பவை அழிந்தனவென்று துணிதல் கூடாது. பெரும்பாலும் பழுது கதவிலேயே, வீட்டில் அன்று.

பழைய மாணவர் அன்புடன் அளிக்குங் கணினிகளுக்கும் இது பொருந்தும். ஒன்றின் வன்றட்டைக் கழற்றி வேறொன்றிற் பூட்டுகையில், முன்னையதன் செலுத்திகளை மட்டுமே கொண்டு சுருக்கிய படிமம் பின்னையதற்கு உதவாது போகலாம். கழற்றுமுன் பெரும்பாலான செலுத்திகளையும் அடக்கிய படிமத்தை ஆக்கிவைத்தல் வேண்டும். கணினியை அளிப்போர், அதனைப் பேணும் இம்முறையையும் மாணவர் இருவர்க்கேனும் அருகிருந்து பயிற்றுவார்களாயின், அக்கொடை இருமடங்கு பயன் தரும்.