பாட்டியின் அறைக்குத் தரை போட்ட கதை

தோழியரே, தரை என்றதும் உங்களுக்குச் சிமெண்டோ மொசைக்கோ நினைவுக்கு வரும். உதகையில் நாங்கள் குடியிருக்கும் வீடோ வெள்ளைக்காரர் காலத்தது. அதில் பாட்டியின் அறைக்கு மட்டும் மரத்தரை. கல்லால் எழுப்பிய குட்டைச் சுவர்கள், அவற்றின் மேல் மரச்சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகைகள். அடியில் இரண்டடி ஆழத்துக்கு வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள் காற்றுப் போய்வர வெளிச்சுவரின் அடிப்பகுதியில் ஆறு துளைகள் உண்டு. இத்துளைகளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 டிசம்பர். பள்ளிகள் மூடியிருந்த காலம். நான் ஆறாம் வகுப்பு. புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்திருந்த ஒரு காலையில், "பலகை இடுக்கு வழியா காத்து வந்து காலைக் கடிக்குதடி" என்று பாட்டி முனகினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குச் சிறியதாகிவிட்ட நீலச் சீருடையையும் இரண்டு சாக்குகளையும் கிழித்து நான்கு துளைகளில் திணித்தேன். மற்ற இரண்டுக்கும் செங்கல் வைத்தேன். அன்றிரவு பாட்டி நன்றாகத் தூங்கினார். சொல்லாமல் நன்மை செய்வதில் ஒரு பெருமை இருக்கிறதல்லவா! யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நானே மறந்தும் போனேன்.

2022 அக்டோபரில் ஒருநாள் பாட்டியின் கைத்தடி பலகைக்குள் அப்படியே இறங்கியது. அருகில் நின்ற அப்பா தாங்கிப் பிடித்ததால் பாட்டி விழவில்லை. ஆனால் மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தார். அவர் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். வருவோர் போவோர் நடுவே படுத்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "என் அறை எப்போ?" என்று நாள்தோறும் கேட்பார். வேலைக்கு ஆள் வைத்தால் ஆகும் கூலியைக் கேட்டுவிட்டு அப்பா இரண்டு நாள் பேசவேயில்லை. மூன்றாம் நாள், "நாமே போடுவோம்" என்றார்.

அப்பா பஸ் மெக்கானிக். இரும்பு தெரியும், மரம் தெரியாது. பக்கத்து வீட்டு ஆசாரித் தாத்தாவுக்கு மரம் தெரியும், ஆனால் கை நடுங்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அப்பா செய்வதென்று முடிவாயிற்று.

முதல் பலகையைக் கடப்பாரையால் நெம்பியதும் எழுந்த வாடையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பலகையின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூஞ்சை. சட்டத்தின் நுனி ரஸ்க் போல உதிர்ந்தது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்குமாம். அப்பா குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். "துளை இருக்கு, வெளிச்சம் வரலையே" என்றபடி வெளியே போனார். எனக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அடுப்படிக்கு ஓடி, யாரும் கேட்காத பீன்ஸை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பி வந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் மலையில் கற்பூர மரத்துக்குப் பஞ்சமில்லை. விறகுக்கென்று 1840-களில் ஆஸ்திரேலிய யூகலிப்டஸை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். "அது காயக் காய முறுக்கிக்கும், தரைக்கு ஆகாது" என்றார் தாத்தா. மேட்டுப்பாளையத்தில் ஓர் இடிப்பு வீட்டின் பழைய தேக்குப் பலகைகள் கிடைத்தன. ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி. கீழ்நாட்டு வெயிலில் கிடந்தவை மலைக்காற்றுக்குப் பழக வேண்டும் என்று, இடையிடையே குச்சி வைத்து அறையிலேயே மூன்று வாரம் அடுக்கி வைத்தோம். பாட்டியின் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

2023 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. இற்றுப்போன சட்டங்களை மாற்றி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, சட்டங்களுக்குக் குறுக்காகப் பலகைகளைப் பரப்பினோம். தேக்கு பிளக்காமலிருக்க முதலில் சிறு துளையிட்டு, நாக்கின் மேல் ஆணியைச் சாய்வாக அடிக்க வேண்டும். அடுத்த பலகையின் காடி வந்து ஆணித் தலையை மறைத்துவிடும். சுவரோரம் நாற்புறமும் அரை அங்குலம் இடம் விடச் சொன்னார் தாத்தா. "மழைக்காலத்துல மரம் தண்ணி குடிச்சுப் பருக்கும். இடமில்லேன்னா நடுவுல கூரை மாதிரி எழும்பிடும்." பலகையை நெருக்கிப் பிடிப்பது என் வேலை. விரல் நசுங்கியது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

ஐந்தாவது வரிசையில், சுத்தியல் சத்தத்துக்கு நடுவே சொல்லிவிட்டேன். "அப்பா, துளையை அடைச்சது நான்தான்."

"தெரியும் பாப்பா. உன் யூனிஃபார்ம் தெரியாதா எனக்கு?" என்றார். இன்னும் இரண்டு ஆணி அடித்தார். "அந்தத் துளை எதுக்குன்னு எனக்கும்தான் தெரியாது. இத்தனை வருஷத்துல ஒரு தடவை குனிஞ்சு பார்த்தேனா? ம்… பலகையைப் பிடி."

பாட்டியிடம் நானே போய்ச் சொன்னேன். "எனக்காகத்தானேடி செஞ்சே" என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும், லின்சீட் ஆயில் பூசத் துணி தேவைப்பட்டது. அப்பா துவைத்து மடித்து வைத்திருந்த நீலச் சீருடைத் துண்டை எடுத்து வந்தார்! மூன்று நாள் அதனாலேயே பூசினோம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும் என்பதால், மாலைதோறும் வேலிக் கம்பியில் விரித்துத் தொங்கவிட வேண்டும். பள்ளி மூடிய பிறகு தெருவில் போகும் தோழியர் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, "உன் பழைய சீருடையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

துளைகளுக்கு இப்போது எலி நுழையாத கம்பி வலை போட்டிருக்கிறோம். பாட்டியின் காலுக்குக் கட்டிலடியில் பவானி ஜமக்காளம். அவ்வாண்டு ஜூலை மழையில், சுவரோரச் சட்டத்தை மாட்டாமல் விட்டிருந்த மூலையில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அரை அங்குல இடைவெளி கால் அங்குலமாகியிருந்தது. "என்னடி அங்கே அளக்கிறே?" என்றார் பாட்டி. கைத்தடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.