ஊறுகாய் பாட்டிலில் நான் வைத்த ஆசிட்



எங்கள் வீட்டில் போர் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாக உப்பு படியும், ஷவர் ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் பாத்ரூம் ஆசிட்தான் ஊற்றுவோம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புகை கிளம்பி இருமல் வரும், குழாயின் பளபளப்பும் போய்விடும்.

போன வருடம் பிளம்பர் தம்பி சொல்லி சல்ஃபாமிக் அமிலம் அரைக்கிலோ வாங்கினேன். வெள்ளைப் பொடி. புகையும் இல்லை, நெடியும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கரைத்து ஷவரைக் கழற்றி முக்கினேன். நுரைத்தது. முட்டை ஓட்டில் வினிகர் ஊற்றி வகுப்பில் காட்டுவேனே, அதே கார்பன் டை ஆக்சைடுதான். கந்தக அமிலம் என்றால் உண்டாகும் கால்சியம் சல்பேட் சரியாகக் கரையாமல் கறை மேலேயே படிந்துவிடும். இதில் உண்டாகும் உப்பு நன்றாகக் கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கவர் கிழிந்ததால் மீதியை ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் கொட்டி, சமையலறை ஜன்னல் ஓரம் வைத்தேன். பெயர் எழுதவில்லை. லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதே என்று 30 வருடம் பிள்ளைகளைத் திட்டியவன் நான்.

லீவுக்கு வந்த பேத்தி கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள். "தாத்தா, இந்த உப்பு ஏன் கட்டி கட்டியா இருக்கு?" திரும்பிப் பார்த்தால் கையில் ஸ்பூன். நான் கத்திய கத்தலில் தட்டே கீழே விழுந்துவிட்டது. நல்லவேளை, வாயில் வைக்கவில்லை. பாத்ரூம் ஆசிட்டாக இருந்தால் மூடியைத் திறந்ததுமே நெடி விரட்டியிருக்கும். நெடி இல்லை என்று நான் மெச்சிய பொடி, பார்வைக்கு அப்படியே உப்பு.

வாங்கி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் பொடியைப் போடுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். மார்பிள், மொசைக் தரையில் ஊற்றினால் தரையையே அரித்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியிலும் கரைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. குளோரின் வாயு வரும். கதவு மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

இப்போது பாட்டில் மாடி அறையில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. லேபிள் எழுதியது பேத்திதான். "அமிளம்" என்று எழுதினாள். திருத்தி எழுத வைத்தேன்.