தொழில் என்ற கட்டம்

ஷர்லி ஜாக்ஸன் என்றதும் நமக்கு 'தி லாட்டரி' நினைவுக்கு வரும். 1948 ஜூனில் 'நியூயார்க்கர்' வெளியிட்ட கதை. ஒரு சிறு ஊர், கோடைக் காலை, சீட்டுக் குலுக்கல், கடைசியில் கல்லெறி. அந்தக் கோடையில் தமக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் கடிதங்களில் அன்பாக எழுதப்பட்டவை பதின்மூன்றுதான் என்றும், அவையும் பெரும்பாலும் நண்பர்களுடையவை என்றும் பிற்பாடு கணக்குச் சொல்லியிருக்கிறார். பெற்ற தாயே கதை பிடிக்கவில்லை என்று எழுதினாளாம்.

நான் பேச நினைப்பது அதைப் பற்றியல்ல. அதே அம்மாள் 1953இல் 'லைஃப் அமங் தி ஸாவேஜஸ்' என்றும் 1957இல் 'ரெய்ஸிங் டீமன்ஸ்' என்றும் இரண்டு புத்தகங்கள் வெளியிட்டார். வெர்மாண்டில் நார்த் பென்னிங்டன் என்ற சிற்றூரில் நாலு குழந்தைகள், ஒரு பேராசிரியர் கணவர், எண்ணி முடியாத பூனைகள் இவற்றோடு குடித்தனம் நடத்திய வேடிக்கை. பெரும்பாலும் பெண்கள் பத்திரிகைகளில் துண்டு துண்டாக வந்தவை. இவற்றை வாசிப்பதாகச் சொல்லிக்கொள்வது நம் வட்டத்தில் கௌரவமல்ல. 'குடும்பக் கதை' என்பது நம்மிடையே ஒரு வசவு. என் மேஜைமேல் முதல் புத்தகத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

அதில் ஒரு இடம். மூன்றாவது பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மேஜைக்குப் பின்னாலிருப்பவள் தொழில் என்ன என்று கேட்கிறாள். எழுத்தாளர் என்று பதில் வருகிறது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு இல்லத்தரசி என்று போட்டுக்கொள்கிறாள். வலி வேறு வந்துகொண்டிருக்கிறது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவன் என்ற முறையில் இந்த இடத்தை என்னால் சட்டென்று கடந்துபோக முடியவில்லை. கணக்குத் துவங்கும் படிவத்தில் எழுத்துக்கு ஒரு கட்டமாகப் போட்டிருப்பார்கள். தொழில் என்ன என்று கேட்டால் பெண்கள் அநேகமாகக் கூட வந்த ஆம்பளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு கிழவி மட்டும் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத இம்புட்டு எடந்தான் விட்டிருக்கியளா? பத்தாதே சார்" என்றாள். ஷர்லி ஜாக்ஸன் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம்.

நம் வாரப் பத்திரிகைத் துணுக்குகளில் இல்லத்தரசி உண்டு, ஏராளமாக உண்டு. பூரிக்கட்டையோடு நிற்பாள், புடவை கேட்பாள், அவள் வைத்த சாம்பாரைக் கணவன் குறை சொல்வான். அவள் சிரிப்புக்குப் பொருள். சிரிப்பைச் சொல்பவள் அல்ல. ஜாக்ஸனிடம் இது தலைகீழாகிறது. பார்ப்பது அவள் கண், தொனியும் அவளுடையது. கணவன் செய்தித்தாளுக்குப் பின்னாலும் நாணய சேகரிப்புக்குப் பின்னாலும் மங்கலாகத் தெரிகிற ஒரு உருவம்.

அந்த உருவத்தின் பெயர் ஸ்டான்லி எட்கர் ஹைமன். நவீன விமர்சன முறைகளை அலசும் 'தி ஆர்ம்ட் விஷன்' எழுதிய அதே ஹைமன்; அதுவும் 1948தான். எங்கள் கல்லூரி நூலகத்தில் அவர் புத்தகம் இருந்தது, இவருடையது இல்லை. வீட்டுக்கு வந்த பணத்தில் பெரும்பங்கு இவர் எழுதிச் சம்பாதித்தது. (விமர்சகர்களின் குடும்ப வரவுசெலவை யாராவது ஆராய்ந்தால் நல்லது. தமிழிலும்.)

இந்தப் புத்தகங்களின் தொனி 'லாட்டரி'யின் தொனியேதான் என்பது என் கட்சி. அதே பதறாத, நிதானமான, சாமான் பட்டியல் போடுகிற வாக்கியங்கள். 'சார்ல்ஸ்' என்ற கதையை எடுத்துக்கொள்ளலாம். பையன் பள்ளியிலிருந்து தினமும் வந்து சார்ல்ஸ் என்ற முரட்டுப் பையன் செய்த அட்டகாசங்களைச் சொல்கிறான். சார்ல்ஸின் அம்மாவைப் பார்க்கிற ஆசையோடு தாய் பள்ளிக்கூட்டத்துக்குப் போகிறாள். அங்கே சார்ல்ஸ் என்று யாருமே இல்லை. ஊரே சிரித்த கதை. ஆனால் வீட்டுவாசல் தாண்டியதும் தன் பிள்ளை யார் என்று தாய்க்குத் தெரியாமல் போகிறதே, அந்த இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. 'லாட்டரி' வந்த அதே கோடையில் வந்த கதை இது. புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் புருஷனைக் கதைசொல்லியாக வைத்தார். மனைவி சொல்லியிருந்தால் அது இப்படி இருந்திருக்குமோ என்னவோ.

1963இல் பெட்டி ஃப்ரீடன் 'தி ஃபெமினைன் மிஸ்டிக்' நூலில் 'இல்லத்தரசி எழுத்தாளர்கள்' என்று ஒரு கும்பலைக் கண்டித்தார். அதில் ஜாக்ஸனும் உண்டு. வீட்டில் அடைபட்ட பெண்களின் துயரத்தைச் சிரித்து மழுப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சமூகவியலாக இது சரியாக இருக்கலாம், வாசிப்பாகச் சரியில்லை. கணவரின் பிற சகவாசங்களும், 1962க்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாமல் போன மாதங்களும், 1965இல் நாற்பத்தெட்டு வயதில் தூக்கத்திலேயே போன மரணமும் இன்று நமக்குத் தெரியும். ரூத் ஃப்ராங்க்ளின் எழுதி 2016இல் வந்த வாழ்க்கை வரலாறு விரிவாகச் சொல்கிறது. குடும்பப் புத்தகங்களில் இவற்றின் சாயல்கூட இல்லை. மழுப்புகிறவர் அசட்டுத்தனமாகக் குழைந்து எழுதுவார். ஜாக்ஸன் ஒரு இடத்திலும் குழையவில்லை. எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தவரின் கெட்டித்தனம் அது.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. மன்னார்குடி ஹரித்ராநதிக் கரையில் சாயங்காலம் உட்கார்ந்து பேசுகிற பெண்களுக்கு நடுவே என் அம்மாதான் கச்சேரி. அப்பா வீட்டிலிருக்கிறாரா என்று பார்க்கப் பேப்பரைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்பாள். அவளுடைய இரட்டைவடச் சங்கிலி வருஷத்துக்கு இரண்டு தடவை அடகுக் கடைக்குப் போய்வரும். "அதுக்கே வழி பழகிப்போச்சு. கதவைத் தெறந்துவிட்டாப் போதும், தானே போயிட்டுத் தானே வந்துரும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சங்கிலி ஒரு வருஷம் திரும்பி வரவில்லை, மூழ்கிப்போயிற்று. கதையில் மட்டும் அது இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறது.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது நகைக்கடன் கவுண்டர். உரைகல்லில் மதிப்பீட்டாளர் தேய்க்கும்போது எதிரே நிற்கிற முகங்களை தினம் பார்க்கிறேன். தவணை தப்பின நகைகளுக்கு ஏல நோட்டீஸ் அனுப்புகிறதும் நான்தான். போன மாதம் ஊருக்குப் போனபோது, சங்கிலி எந்த வருஷம் போயிற்று என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நடந்து நடந்து அதுக்குக் கால் வலிச்சிருக்கும்ப்பா, அங்கேயே தங்கிடுச்சு" என்றாள். பிறகு, இப்போது கிராமுக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று விசாரித்தாள்.